பக்கத்து வீட்டு மரம் நம் வீட்டுப் பக்கம் வந்தால்: கடலூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் நீதிமன்றங்களில் சிவில் வழக்கு நடத்துகிறவன் நான். புரட்டாசி முடிந்து வானம் இருட்டத் தொடங்கினால் மரப் பஞ்சாயத்துகள் வரிசையாக வரும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதைப் பார்த்தவர்கள், தலைக்கு மேல் ஒரு கிளை ஆடினாலே தூங்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்ததே பாதிரி மரம்தான், பாடலீஸ்வரர் கோயிலின் தல மரம். அந்த ஊரில் மரத்துக்காக இரண்டு வீட்டுக்காரர்கள் பத்து வருஷம் பேசாமல் இருப்பதையும் பார்க்கிறேன்.

என்னிடம் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை எழுதியிருக்கிறேன். இது பொதுவான விளக்கம். உங்கள் பத்திரத்தையும் இடத்தையும் பார்க்காமல் யாரும் முடிவு சொல்ல முடியாது.

பக்கத்து வீட்டு மாமரக் கிளை என் மொட்டை மாடிக்கு மேல் வந்துவிட்டது. நானே வெட்டலாமா?

வெட்டலாம். நிறையப் பேர் இதை நம்புவதில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மனைக்கு மேலே இருக்கும் வெளியும் உங்களுடையதுதான். அதற்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையைச் சட்டம் ஒரு தொல்லையாகப் பார்க்கிறது, அதை நீக்கிக்கொள்ளும் உரிமையை உங்களுக்கே தருகிறது. இது எந்தச் சட்டமன்றமும் இயற்றிய விதி இல்லை, பழைய தீர்ப்புகளின் வழியாக வந்தது. 1890களில் இங்கிலாந்தில் வெப் என்பவர், பக்கத்து நிலத்து லெமனின் மரக்கிளைகள் தன் பக்கம் வந்ததால் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிட்டார். முதல் கோர்ட், முன்கூட்டியே தகவல் சொல்லியிருக்க வேண்டும் என்று லெமனுக்கு ஐந்து பவுன் நஷ்ட ஈடு கொடுத்தது. மேல்முறையீட்டில் அது மாறியது. அங்கே அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபையும் வெப் பக்கமே நின்றது. தன் நிலத்தில் நின்றபடி தன் எல்லைக்குள் இருப்பதை வெட்டத் தகவல் தேவையில்லை என்றார்கள். நம் நாட்டுக் கோர்ட்டுகளிலும் இன்றுவரை எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

ஆனால் எவ்வளவு வெட்டலாம் என்பதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கொத்தனார் தூக்குக்குண்டு விடுவது போல எல்லைக்கோட்டிலிருந்து நேர்மேலே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி உங்கள் பக்கம் இருப்பது மட்டுமே உங்கள் கணக்கு. ஏணியை அவர் பக்கம் சாய்த்தால், அவர் சுவர் மீது ஏறினால், 'ஒரேயடியாக அடியிலேயே எடுத்துடு' என்று மரம் வெட்டுகிறவரிடம் சொன்னால், வழக்கு உங்கள் மீது திரும்பும். அத்துமீறி நுழைந்ததாகவும் சொத்துக்குச் சேதம் செய்ததாகவும் புகார் வரும். அவர் இடத்துக்குள் போனால்தான் வெட்ட முடியும் என்ற நிலை இருந்தால், சொல்லிவிட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

தகவல் கட்டாயம் இல்லை என்றாலும் நான் எப்போதும் தகவல் கொடுக்கத்தான் சொல்வேன். காரணத்தைப் புயல் பற்றிய கேள்வியில் விரிவாகப் பார்க்கலாம். இப்போதைக்கு ஒன்று: காய்க்கிற மாமரத்தைப் பூ விட்டிருக்கும் தை, மாசியில் வெட்டினால் எந்த வீட்டுக்காரருக்கும் வயிறு எரியும். காய்ப்பு முடிந்த பிறகு ஆடியில் கவாத்து செய்தால் மரத்துக்கும் நல்லது, சண்டையும் வராது.

வெட்டிய கிளையும் காயும் யாருக்கு? தானாக விழுந்த தேங்காயை எடுத்துக்கொள்ளலாமா?

மரம் எங்கே வேர்விட்டு நிற்கிறதோ அந்த நிலத்துக்காரருக்குத்தான் கிளையும் காயும். வெட்டும் உரிமை உங்களுக்கு உண்டு, வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை. 1919இல் இங்கிலாந்தில் இப்படித்தான் ஒருவர் தன் பக்கம் தொங்கிய ஆப்பிள்களைப் பறித்து விற்றார். அந்தப் பணத்தை மரத்துக்காரருக்குக் கட்ட வேண்டியதாயிற்று. நம் குற்றச் சட்டத்திலும், மண்ணோடு இருக்கும்வரை மரம் அசையாப் பொருள், வெட்டிப் பிரித்த நொடியில் அது திருட்டுக்கு உள்ளாகக்கூடிய பொருள்.

வெட்டிய கிளையைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசாதீர்கள். 'மரம் வெட்டிப் போட்டிருக்கு, ஆள் விட்டு எடுத்துக்கோங்க' என்று சொல்லி ஓரமாக அடுக்கி வையுங்கள். நான்கு மாங்காய் விழுந்ததற்கு யாரும் கோர்ட்டுக்கு வரமாட்டார்கள். ஆனால் ஏற்கெனவே மனக்கசப்பு இருந்தால் அந்த நான்கு மாங்காய்தான் புகார் மனுவின் முதல் வரியாக இருக்கும்.

ஆல்பேட்டை தாண்டி, அதாவது புதுச்சேரிப் பக்கம், சம்பந்தம் வைத்திருப்பவர்கள் சிலர், 'பிரெஞ்சுச் சட்டத்தில் விழுந்த பழம் நமக்குத்தானாமே' என்று கேட்பார்கள். பிரான்சு சிவில் சட்டத்தின் 673ஆம் பிரிவு உண்மையில் அப்படித்தான் சொல்கிறது. தானாக விழுந்த பழம் யார் நிலத்தில் விழுந்ததோ அவருக்கு. அதே பிரிவில், வேரை நீங்களே எல்லையில் வெட்டலாம், ஆனால் கிளையை மரத்துக்காரரைக் கொண்டுதான் வெட்டவைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. கடலூர் கோர்ட்டில் இதைச் சொன்னால் நீதிபதி புன்னகைப்பார், அவ்வளவுதான்.

இருபது வருஷமாக இந்தக் கிளை இப்படித்தான் இருக்கிறது. இப்போது கேட்க முடியாது என்கிறாரே?

கேட்கலாம். வழிநடை, தண்ணீர், வெளிச்சம் போன்றவற்றை 20 வருஷம் தடையில்லாமல் அனுபவித்தால் 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி உரிமை வரும். அதை மரத்துக்கும் நீட்டிப் பேசுகிறார்கள். கிளை வருஷா வருஷம் வளர்கிறது. இருபது வருஷத்துக்கு முன் இருந்த கிளை இல்லை இன்று இருப்பது. அதனால் நீட்டிக்கொண்டு நிற்பதற்கு அனுபோக உரிமை வராது. காலாவதிச் சட்டமும் உங்களுக்கு உதவியாகவே இருக்கிறது. தொடர்ந்து நடக்கும் தொல்லைக்கு ஒவ்வொரு நாளும் புதிதாக வழக்குக் காரணம் பிறக்கிறது (1963ஆம் வருஷச் சட்டத்தின் 22ஆம் பிரிவு).

தென்னை மரமே எங்கள் பக்கம் சாய்ந்து நிற்கிறது. கிளையா இருக்கிறது வெட்ட?

இதுதான் நம் மாவட்டத்தின் பெரிய தலைவலி. கடற்காற்றுக்கு வளைந்த தென்னை அடி ஒரு வீட்டிலும் தலை இன்னொரு வீட்டிலும் வைத்திருக்கும். தொங்கும் மட்டையைக் கழிக்கலாம், குலையை இறக்கலாம், ஆனால் எல்லைக்கோட்டில் தண்டை அறுத்தால் மரமே போய்விடும். வாதத்துக்கு, 'என் வெளிக்குள் வந்த பகுதியைத்தானே அறுத்தேன்' என்று சொல்லிப் பார்க்கலாம். நான் அந்த வழக்கை நடத்த விரும்ப மாட்டேன். முழு மரமும் போகிற இடத்தில் கை வைக்காமல் கோர்ட் உத்தரவு வாங்குவதுதான் பாதுகாப்பு.

அதற்கு முன் செய்யக்கூடியவை உண்டு. மரம் ஏறுகிறவரை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஏறவைத்து முற்றிய காய், காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை எல்லாவற்றையும் கழித்துவிட்டால் தலையில் விழ எதுவும் இருக்காது. கூலியை யார் தருவது என்பதில்தான் பேச்சு நிற்கும். என் அனுபவத்தில், காய் மரத்துக்காரருக்கு, கூலியையும் மரத்துக்காரரே தருவது என்று பேசி முடித்த இடங்களில் மறுபடி தகராறு வரவில்லை. 'பாதிக் கூலி நான் தர்றேன், பாதிக் காய் கொடுங்க' என்று ஆரம்பித்தவை அடுத்த வெட்டிலேயே கணக்குச் சண்டையில் முடிந்தன. சாய்ந்த தண்டைக் கம்பிக் கயிற்றால் பின்னுக்கு இழுத்துக் கட்டுவதும் உண்டு. கட்டியதை வருஷத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் இற்றுவிடும்.

வேர் வந்து காம்பவுண்டு சுவரைப் பிளந்துவிட்டது, செப்டிக் டேங்குக்குள்ளும் வந்துவிட்டது.

வேருக்கும் கிளைக்கும் ஒரே விதிதான். உங்கள் மண்ணில் தோண்டி எல்லைவரை வெட்டலாம், சேதத்துக்கு நஷ்ட ஈடும் கேட்கலாம். ஆனால் இரண்டு எச்சரிக்கை. பெரிய மரத்தின் ஒரு பக்கத்து வேரை முழுக்க வெட்டினால் அடுத்த காற்றில் அது மறுபக்கம், அவர் வீட்டின் மீதே, சாயலாம். அப்போது உங்கள் கவனக்குறைவு என்பார்கள். இரண்டாவது, செப்டிக் டேங்கில் வெடிப்பு முதலில் வந்து, ஈரம் தேடி வேர் அப்புறம் வந்ததா, வேர் வந்து வெடித்ததா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கண்டிப்பாகக் கேட்பார். வெட்டி எறிந்து சிமெண்டு பூசிய பிறகு என்னிடம் வந்தால் என் கையில் ஒன்றும் இல்லை. பூசுவதற்கு முன் போட்டோ எடுங்கள், அனுபவமுள்ள சிவில் இன்ஜினியர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

சருகு கொட்டுகிறது, முருங்கையிலிருந்து கம்பளிப்பூச்சி வருகிறது. வழக்கு போடலாமா?

போடலாம், ஜெயிக்க மாட்டீர்கள். சருகு விழுவதை ஊரில் குடியிருப்பதன் ஒரு பகுதியாகத்தான் கோர்ட் பார்க்கும். கம்பளிப்பூச்சி கொஞ்சம் வேறு. குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்துப் போன மருத்துவச் சீட்டு இருந்தால் கதை மாறும். ஆனாலும் முருங்கை ஒரு மணி நேர வேலை. நீட்டியதை வெட்டிக் கீரையை அவர்களிடமே கொடுங்கள்.

மரம் எல்லையிலேயே நிற்கிறது. யாருடையது?

முதலில் எல்லை எது என்று தெரியுமா? சுவர் இருக்கிற இடம்தான் எல்லை என்று இரண்டு பேருமே நம்பிக்கொண்டிருப்பார்கள், சர்வேயர் வந்து அளந்தால் சுவரே ஒன்றரை அடி தள்ளி நிற்கும். பட்டா, புல வரைபடம், கிரயப் பத்திரத்தில் உள்ள நான்கெல்லை மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, கட்டணம் கட்டி நில அளவைக்கு விண்ணப்பியுங்கள். தண்டு எல்லைக்கோட்டின் மீதே நின்றால் அது இரண்டு பேருக்கும் பொது. ஒருவர் மட்டும் முடிவு செய்து வெட்ட முடியாது.

புயலில் அவர் மரம் விழுந்து என் வீடும் காரும் போய்விட்டன. நஷ்டம் யார் தருவார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மரம் விழுந்தது என்பதாலேயே மரத்துக்காரர் பணம் கட்ட வேண்டியதில்லை. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். நல்ல பச்சை மரம், தானே மாதிரி ஒரு புயல், வேரோடு சாய்ந்தது என்றால் 'கடவுள் செயல்' என்று அவர் சொல்வார், பெரும்பாலும் அது எடுபடும். வெளியே தெரியாத உள்குறையால் கிளை முறிந்தாலும் அப்படித்தான். 1926இல் இங்கிலாந்தில், நன்றாகக் காற்று கூட அடிக்காத நாளில் ரோட்டின் மேல் நீண்டிருந்த மரக்கிளை ஒன்று முறிந்து ஒரு வண்டி மீது விழுந்தது. முன்பே கண்டுபிடித்திருக்க முடியாத குறை அது என்பதால் மரத்துக்காரர் பொறுப்பில்லை என்றே தீர்ப்பு வந்தது.

ஆக எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: மரம் ஆபத்தாக இருந்தது அவருக்குத் தெரியுமா, தெரிந்திருக்க வேண்டுமா? அடிமரம் பொந்து விழுந்து, ஒரு பக்கம் பட்டுப்போய், கரையான் ஏறியிருந்ததை அவர் பார்த்தாரா? 'பார்த்தார் சார், நான் நூறு தடவை சொன்னேன்' என்பார்கள். சொன்னதற்கு என்ன அத்தாட்சி? இங்கேதான் பாதிப் பேரின் வழக்கு சரிந்துவிடுகிறது. வாயால் சொன்ன நூறு தடவையைவிட ஆவணியில் போட்ட ஒரு கடிதம் மேல். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. அதன் பிறகு வரும் புயலை முழுக்கக் கடவுள் தலையில் போடுவதும் கடினம்.

கடிதத்துக்கு வக்கீல் கூட வேண்டாம். 'திரு. இன்னார் அவர்களுக்கு, வணக்கம். உங்கள் வீட்டு மேற்கு ஓரத்தில் நிற்கும் வேப்பமரத்தின் அடிப்பகுதி பொந்து விழுந்திருக்கிறது, மரம் எங்கள் சமையலறைப் பக்கம் சாய்ந்திருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் ஆபத்தான பகுதியை எடுத்துவிடக் கேட்டுக்கொள்கிறேன். இத்துடன் போட்டோ இணைத்துள்ளேன்' என்று தேதி போட்டு எழுதினால் போதும். ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்புங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒன்று போடுங்கள். திட்டி எழுதாதீர்கள். அந்தத் தாளைப் பின்னால் ஒரு நீதிபதி படிப்பார்.

காருக்கு முழுக் காப்பீடு இருந்தால் புயல் சேதம் அதிலேயே வரும், முதலில் அங்கே போங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வராது.

எந்த ஆபீசில் மனு கொடுப்பது? போலீசுக்குப் போனால் 'சிவில் மேட்டர்' என்கிறார்கள்.

பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரிதான். அடிதடி, மிரட்டல் இருந்தால் மட்டும் காவல் நிலையம்.

விழும் நிலையில் இருக்கும் மரத்துக்கு நேரான வழி ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர். அவருக்குள்ள இந்த அதிகாரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152ஆம் பிரிவு. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், வழியே போகிறவர்கள் மீது விழக்கூடிய மரத்தை எடுக்கவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிடலாம் என்று அதில் மரத்தின் பெயரே இருக்கிறது. கேட்கவில்லை என்றால் அரசே எடுத்துவிட்டுச் செலவை வசூலிக்க முடியும். ஆனால் ஒரே ஒரு வீட்டின் தகராறுக்கு இதைப் பயன்படுத்தப் பார்த்தால் 'சிவில் கோர்ட்டுக்குப் போங்க' என்று திருப்பி அனுப்புவார்கள். தெருவே அந்த மரத்தடியில் நடக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள் என்றால் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். நம் மாவட்டத்தில் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் என்று மூன்று கோட்டங்கள். உங்கள் ஊர் எதில் வருகிறதோ அங்கே கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும்.

கிளை மின்கம்பியில் உரசுகிறதா? நீங்கள் அரிவாளைத் தொடவே கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, எந்த நேரமும் சொல்லலாம். ரோட்டோர மரம் என்றால் மாநகராட்சி, ஊராட்சி, நெடுஞ்சாலைத் துறை, யாருடைய ரோடோ அவர்கள்.

வழக்கு போட்டால் எவ்வளவு காலம் ஆகும்?

மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில், அதாவது முன்சீப் கோர்ட்டில், செயலுறுத்துக் கட்டளை கேட்டு வழக்குப் போட வேண்டும். 'இதைச் செய்யாதே' என்பது ஒரு வகை உத்தரவு, 'இதை வெட்டி எடு' என்பது இன்னொரு வகை. இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது, 1963ஆம் வருஷத் தனிநிலைத் தீர்வழிச் சட்டத்தின் 39ஆம் பிரிவில் வரும். வழக்குப் போட்ட கையோடு வக்கீல் கமிஷனர் ஒருவரை நியமிக்கக் கேளுங்கள். அவர் நேரில் வந்து அளந்து, போட்டோ எடுத்து அறிக்கை கொடுப்பார். மர வழக்குகளில் அந்த அறிக்கைதான் உயிர்.

காலம் வருஷக் கணக்கு. அதைவிட மக்கள் நீதிமன்றம் எவ்வளவோ மேல். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு தாளில் மனு கொடுக்கலாம், கோர்ட் கட்டணம் கிடையாது, அங்கே சமரசமாகி எழுதியது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் இல்லை. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீலும் உண்டு. தகவலுக்கு 15100.

என் மரத்தை நானே வெட்ட அனுமதி வேண்டுமா?

மா, வேம்பு, தென்னைக்குப் பிரச்சினை வராது. பனைக்கு வரும். மாநில மரம் அது, 2021இல் வந்த அறிவிப்புக்குப் பிறகு கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. பக்கத்து வீட்டாரின் தொல்லை தாங்காமல் வெட்டினேன் என்ற காரணமும் உதவாது. சந்தன மரம் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறை வழியாகத்தான்.

ராத்திரியோடு ராத்திரியாகப் பாதரசம் ஊற்றிவிட்டால்?

இந்தக் கேள்வியை யாரும் நேராகக் கேட்பதில்லை, 'ஒரு பிரண்டு கேட்கச் சொன்னான்' என்றுதான் வரும். மரம் சாகிறதோ இல்லையோ, அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவுப்படி சொத்துக்குச் சேதம் விளைவித்த குற்றம். பட்டுப்போன மரம் பச்சை மரத்தைவிடச் சீக்கிரம் விழும், அதுவும் உங்கள் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது.

வீடு பூட்டிக் கிடக்கிறது. பெரியவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். யாரிடம் சொல்வது?

இப்போது அதிகம் வருவது இதுதான். மஞ்சக்குப்பம், புதுப்பாளையம் பக்கம் பழைய வீடுகள் நிறைய இப்படி நிற்கின்றன. பட்டா இன்னும் பெரியவர் பெயரிலேயே இருக்கும். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், பாகப் பத்திரம் ஏதாவது பதிவாகியிருந்தால் பெயர்கள் கிடைக்கும். வாரிசுகள் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் அனுப்புங்கள். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் மற்றவர் 'எனக்கு யாரும் சொல்லவில்லை' என்பார். பூட்டிய வீட்டு முகவரிக்கும் ஒன்று அனுப்பி, 'கதவு பூட்டியுள்ளது' என்று திரும்பி வரும் உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கேட் பூட்டியிருக்கிறது, யாரும் இல்லை என்று உள்ளே இறங்கி வெட்டிவிடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே நாளில், 'அங்கிள், நீங்களே ஆள் வச்சு எடுத்துடுங்க, பணம் அனுப்பிடறோம்' என்று பதில் போடுவார்கள். அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருங்கள். எவ்வளவு வெட்டலாம், கட்டை யாருக்கு என்பதையும் அதிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாலு பேரில் மூவர் சரி என்று ஒருவர் மட்டும் 'அப்பா வச்ச மரம், தொடாதீங்க' என்றால், உங்கள் பக்கத்துக் கிளையோடு நிறுத்திக்கொண்டு மிச்சத்துக்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போங்கள்.